கலக்காத தொட்டி

சாயக்கார ஏசுதாஸ் சொன்ன கதைகளில் ஆரணிக்காரர்களுக்கு ரொம்பவும் பிடித்தது காக்கா கதைதான். அவருடைய பட்டறையில் மயில்கழுத்து நீலம் ஆறிக்கொண்டிருந்த தொட்டியில் ஒரு காக்கா தவறி விழுந்துவிட்டதாம். எடுத்து வெயிலில் போட்டாராம். காய்ந்ததும் அது தன்னைத்தானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, இனி சொந்தக்காரர்களோடு ஒட்டாது என்று முடிவு கட்டி, படவேட்டுக் காட்டுப்பக்கம் பறந்துபோய் அங்கே ஒரு மயிலைக் கல்யாணம் செய்துகொண்டதாம். "குஞ்சுங்க இன்னா நெறம்ணே?" என்று யாராவது கேட்டால், "அத நான் பாக்கல. பாக்காதத சொல்லமாட்டேன்" என்பார். முகத்தில் ஒரு மயிர் அசையாது.

அவர் போட்ட சிவப்புச் சாயம் போகவே போகாது. புடவையைக் கடித்த எலிக்கு மட்டுமல்ல, அந்த எலியின் பேரன்களுக்கும் பல் சிவப்பாக இருந்ததை அவரே பார்த்திருக்கிறார். சிரித்தால்தான் தெரியுமாம்.

இப்படி எழுபது வயதுவரை பாடுபட்டுச் சேர்த்த பேர், கடைசியில் ஒரே ஒரு போனில் அவர் காலை வாரிவிட்டது.

அவருக்கு ஒரே மகன், ராபர்ட். கடலை ஆராய்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலில் அவனுக்கு வேலை. கருவிகளை இரும்புக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவான், பிறகு ஏற்றுவான். "எங்கப்பா நூல முக்கி எடுக்கறாரு, நான் மெஷின முக்கி எடுக்கறேன், அவ்ளோதான்" என்பான். அப்பனைப் போல அவனுக்குக் கதை சொல்ல வராது. நடந்ததைச் சொல்லவே நான்கு முறை தொண்டையைச் செருமுவான்.

அவன் கடைசியாகக் கிளம்பிய அன்று அவனுக்கும் அவன் மனைவி ஃப்ளோரன்ஸுக்கும் சண்டை. கப்பல் வேலை போதும், ஊரிலேயே ஏதாவது பார் என்றாள் அவள். இன்னும் ஒரே ஒரு வருஷம் என்றான் அவன். அந்த ஒரே ஒரு வருஷத்தை அவள் கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஃப்ளோரன்ஸ், போய்ட்டு வரேன்" என்றபோது, உள்ளே அவள் மிக்சியைப் போட்டாள். அரைக்க எதுவும் இல்லை. வெறும் மிக்சி ஓடியது. வாசலில் இருந்த ஏசுதாஸுக்குக் காலி மிக்சிக்கும் சட்னிக்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். ராபர்ட்டுக்கும் தெரிந்திருக்கும். அவன் போய்விட்டான்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், அந்தமான் பக்கத்திலிருந்து அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். ஏதோ ஒரு தீவை ஒட்டிப் போகும்போது சிக்னல் கிடைத்ததாம். அவன் குரலில் அப்படி ஒரு பரபரப்பை அவர் கேட்டதே இல்லை. அவன் ஒரு தடவைகூடத் தொண்டையைச் செருமவில்லை. கடலுக்குள் அலை போகிறது என்றான். கடலுக்கு மேல் இல்லை, உள்ளே. நம் ஊர்த் தண்ணி டாங்கை மூன்று அடுக்கி வைத்த உயரத்துக்கு என்றான். இன்னும் ஏதேதோ சொன்னான். நடுவில் லைன் அறுந்துவிட்டது.

அதற்கு இரண்டாம் நாள் அவன் கப்பலிலேயே, தூக்கத்தில், மாரடைப்பில் போனான். அலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருந்ததாகக் கப்பல்காரர்கள் சொன்னார்கள். பெட்டியில் வந்தான். சர்ச் கல்லறையில், ரோஸிக்கு, அதாவது அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு ஒருநாள் ஃப்ளோரன்ஸ் மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, கடைசியா உங்ககிட்டதான பேசினாரு. இன்னா சொன்னாரு?"

அவர் அலையைப் பற்றிச் சொன்னார். அவன் சொன்ன மாதிரியே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே சோற்றுத்தட்டின் விளிம்பைப் பார்த்தாள்.

"என்னப் பத்தி எதனா கேட்டாருங்களா?"

கேட்கவில்லை. கேட்க ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விட்டது என்று ஏசுதாஸ் தனக்குள் சொல்லிப் பார்த்தார். லைன் இருந்திருந்தால் கேட்டிருப்பான், கண்டிப்பாகக் கேட்டிருப்பான். அப்படிக் கேட்டிருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டான் என்று சொல்வது பொய்யாகாது, கொஞ்சம் முன்தேதி போடுவதுதான்.

"கேட்டாம்மா. ஃப்ளோரன்ஸ் எப்பிடி கீறான்னு கேட்டான்."

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். பிறகு, "கடலுக்குள்ள மூணு டாங்க் உசரத்துக்கு அலை" என்றாள்.

"ஆமாம்மா."

"மேல கப்பல் ஒரு சாண்கூட ஏறல."

"ஏறல."

"அதே மூச்சுல என்னையும் கேட்டாரு."

"ஆமாம்மா."

"காக்கா கதையே தேவல மாமா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் அந்தத் தட்டில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. தன் வாயில் புகுந்து வந்ததால் மகன் சொன்னதே பொய்யாகிவிட்டது. பையன் கண்ணால் கண்டதும் காக்காவோடு சேர்ந்து படவேட்டுக்குப் பறந்துவிட்டது. அதை எப்படியாவது தரையிறக்க வேண்டும். அலை நிஜம் என்று அவள் நம்பிவிட்டால், அதன் முதுகில் தொற்றிக்கொண்டு அந்த இன்னொரு வார்த்தையும் வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு அந்தப் பெண் அந்தக் காலி மிக்சியை நினைத்துக்கொண்டே மீதி வாழ்க்கையை ஓட்ட வேண்டியிருக்காது.

அவர் முதலில் போனது டீக்கடைக்கு. அங்கே அவருடைய சிறுவயதுக் கூட்டாளி தருமன் இருந்தார். தருமனுக்கு வீட்டில் இரண்டு தறி, கையில் ஒரு பெரிய போன்.

"தருமா, கடலுக்கு அடியில மூணு டாங்க் உசரத்துக்கு அலை போவுமா, போவாதா? போன்ல பாரு."

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" என்றது டீக்கடை.

"இது நான் சொல்றது இல்லடா. எம் பையன் சொன்னது."

சிரிப்பு நின்றது. செத்தவன் பேரைச் சொன்னால் ஆரணியில் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் நம்பவும் இல்லை. பாவம், பையன் போன துக்கம், கதைக்கு அவனையும் இழுக்கிறார் என்கிற மாதிரி டம்ளருக்குள் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்பு சிரிப்பே எவ்வளவோ மேல் என்று ஏசுதாஸுக்குத் தோன்றியது.

தருமன் போனில் தேடினார். சுனாமி வந்தது. நீர்மூழ்கிக் கப்பல் வந்தது. ஒரு சாமியார் கடலுக்கு அடியில் தவம் செய்தார். அதற்கும் கீழே, பச்சைக் கடலுக்குள் மலை மாதிரி ஒன்று உருண்டு போகிற வீடியோ வந்தது. அதைத் தருமன் வீட்டுக்கே கொண்டுவந்து ஃப்ளோரன்ஸிடம் காட்டினார். அவள் ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவள். இல்லாத மயிலுக்கு இருக்கிற மயிலைவிட அழகாகத் தோகை வைப்பது அவள் தொழில். ஒரு தடவை பார்த்தாள்.

"இதெல்லாம் அரை மணி நேரத்துல நானே பண்ணுவேங்க. இப்ப வீடியோவும் எங்க மாமா மாதிரிதான்."

"உங்க மாமாவ அப்பிடி சொல்லாதம்மா" என்றார் தருமன். "வீடியோல ஒரு பத்து பைசா உண்மையாச்சும் இருக்கும்."

ஏசுதாஸ் விடவில்லை. காபி கொடுக்கும்போது, "ரெண்டு வாட்டி கேட்டாம்மா உன்ன" என்றார். அடுத்த வாரம், "வந்ததும் உன்னக் கப்பல் பாக்கக் கூட்டிகினு போறேன்னான்" என்றார். ஈஸ்டருக்கு முந்தைய நாள், "உம் பேரச் சொல்லும்போது கொரலு கம்மிப்போச்சும்மா அவனுக்கு" என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் "சரிங்க மாமா" என்றாள். அந்தச் "சரிங்க"வில் எண்ணெய்போலத் தேய்த்துவிட்ட ஒரு வழுவழுப்பு இருந்தது. எதுவும் அதில் ஒட்டவில்லை.

ஈஸ்டர் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த வேஷ்டியோடு பட்டறையில் நின்றிருந்தபோது அவருக்கு ராபர்ட் சொன்னதில் ஒரு துண்டு திரும்ப ஞாபகம் வந்தது. "நம்ம தொட்டியில நீ கலக்காம வுட்டா அடியில சாயம் தனியா நிக்குமே, அந்த மாதிரிப்பா. மேல சூட்டுத் தண்ணி, கீழ குளுந்த தண்ணி. ரெண்டும் சேராம அடுக்கா நிக்குது. அலை அந்த நடுவுலதான் போவுது."

பரணில் ராபர்ட் சின்ன வயதில் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி இருந்தது. அதை இறக்கிக் கழுவினார். தருமனைக் கூப்பிட்டுவிட்டார். மேலே சூட்டுத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடித்துவிடும் என்று, கீழே குளிர்ந்த தண்ணீருக்குப் பதில் கல்லுப்பு போட்டுக் கனமாக்கிய தண்ணீர். அதில் தன் பேர்போன சிவப்பைக் கரைத்து, அரைத் தொட்டிக்கு ஊற்றினார். மேலே ஒரு வாழை இலைத்துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல வடியவிட்டார் தருமன். கீழே சிவப்பு, மேலே வெறும் தண்ணீர், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை.

"அட!" என்றார் தருமன்.

அந்த "அட" முடிவதற்குள் ஏசுதாஸின் வலது கை பக்கத்தில் கிடந்த கழியை எடுத்து, தொட்டியில் விட்டு, வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று சுற்றிவிட்டது. தொட்டி முழுக்க ரோஸ்மில்க்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அடியில் சாயம் தேங்குவதைப் பார்த்தால் சாயக்காரன் கை சும்மா இருக்காது. தேங்கினால் நூலில் ஓர் இடம் கருத்து, ஓர் இடம் வெளுத்து, புடவையே திட்டுத்திட்டாகிவிடும். கலக்கு, கலக்கு என்றுதான் அவருடைய அப்பா அவருக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்தது. அவர் கை தூக்கத்திலும் கலக்கும். அதனால் ரோஸி இருந்தவரை அந்த வீட்டில் யாரும் விழித்திருந்து மோர் கடைந்ததே கிடையாது. ராத்திரி தயிர்ப்பானையில் மத்தைப் போட்டு அவர் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் படுப்பாள், விடிந்தால் வெண்ணெய்.

"உன்ன வெச்சிகினு இன்னாய்யா பண்றது, பேஜாரு!" என்று தருமன் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது முறையும் கலக்கினார். இந்தத் தடவை கழியைத் தருமன் பிடுங்கி வைத்திருந்தார், விரலே போதுமாக இருந்தது. மூன்றாவது முறை, தருமன் கழியைக் கொண்டுபோய்த் தெருவில் போட்டுவிட்டு வந்து, ஏசுதாஸின் வலது கையைப் பட்டு நூலால் பெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். "பட்டுதான்யா, வலிக்காது" என்றார். அப்போதுதான் ஃப்ளோரன்ஸ் கடையிலிருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு அரைநாள் வேலை. பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். பெஞ்சோடு கட்டிவைத்த மாமனார். பக்கத்தில் வாளியோடு தருமன்.

"இன்னா மாமா இது? திருடிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றார் தருமன். "ஒங்க மாமா இன்னிக்கு உண்மை சொல்லப்போறாரு. அதுக்குக் கட்டிப்போட வேண்டியதா கீது."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே வந்தாள்.

மறுபடியும் கீழே சிவப்பு, மேலே தெளிவு. ஏசுதாஸின் கட்டிய கை இழுத்தது, நூல் விடவில்லை. தருமன் ஒரு மரக்கட்டையைத் தொட்டியின் ஓரத்தில் சிவப்பு தொடங்கும் ஆழம்வரை மெதுவாக அழுத்தி, மெதுவாக எடுத்தார்.

சிவப்பு எழுந்தது. மேலே தண்ணீர் அப்படியே கிடக்க, உள்ளே மட்டும் ஒரு சிவப்பு மேடு எழுந்து, அவசரமே இல்லாமல், பாடை தூக்குகிறவர்கள் நடக்கிற நிதானத்தில் தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது.

"உள்ள போவுது. சரி" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஆனா மேல கோடு கோடா தெரிஞ்சிதுன்னு சொன்னீங்களே. மேல ஒண்ணுமே காணோம்."

ஏசுதாஸ் திணறினார். உண்மைதான், ராபர்ட் பார்த்தது மேலேதான். "காத்து இல்லம்மா இங்க. கடல்ல சின்னச் சின்ன அலைங்க எப்பவும் கீது. கீழ போற பெருசு அதுங்கள ஓரெடத்துல தள்ளி ஒண்ணாக் குமிக்குது, இன்னோரெடத்துல பிரிச்சி வுட்டுடுது. குமிச்ச எடம் கொதிக்கும். பிரிஞ்ச எடம் கண்ணாடி. இங்க குமிக்கறதுக்கு எதனா ஓணும். லேசா, மெதக்கற மாதிரி எதனா."

தவிடு பார்த்தார்கள், இல்லை. பஞ்சு போட்டதும் ஊறிக்கொண்டது.

ஃப்ளோரன்ஸ் எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. ராபர்ட் முகத்துக்குப் போடுகிற பவுடர். சட்டைக் காலரெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டு சர்ச்சுக்கு வருவான். அவன் போனதிலிருந்து அந்த டப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. தூசி தட்டும்போதுகூட அவள் அதைச் சுற்றித்தான் தட்டுவாள். இது ஏசுதாஸுக்குத் தெரியும்.

"அது வேணாம்மா" என்றார்.

அவள் மூடியைத் திருகி, தண்ணீர்மேல் தூவினாள். பட்டறை முழுக்க ராபர்ட்டின் ஞாயிற்றுக்கிழமை வாசனை அடித்தது. தருமன்கூடத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளைப் பவுடர் தண்ணீர்மேல் ஒரே சீராகப் படிந்தது. தருமன் கட்டையை அழுத்தி எடுத்தார். சிவப்பு மேடு கிளம்பியது. அதன் பின்சரிவுக்கு நேர் மேலே பவுடர் நெருங்கி நெருங்கி ஒரு வெள்ளைக் கோடாகத் திரண்டது. முன்னால் பவுடர் விலகித் தண்ணீர் பளபளவென்று வெறும் கண்ணாடியானது. கோடு நகர்ந்தது. யாரும் தொடவில்லை, யாரும் ஊதவில்லை. கீழே போகிற ஒன்றுக்காக மேலே இருப்பது கூடிக்கூடிப் பிரிந்தது.

கோடு அந்த முனையில் போய் முட்டித் திரும்பி வந்தது.

"யோவ்" என்றார் தருமன் கடைசியில். "நெசம்தான்யா." பிறகு, டீ டம்ளரைக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். தன் வீட்டிலேயே அவர் டம்ளர் கழுவினதில்லை.

ஃப்ளோரன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"இதத்தான் பாத்தாரா?"

"இதான்ம்மா. பெருசா."

"அழகா கீது."

"அழகா கீதுன்னுதான் அவனும் சொன்னான்."

அவள் தலையாட்டினாள். அலை உள்ளே வந்துவிட்டது. இவ்வளவு நாள் வாசலில் நின்ற இன்னொன்றையும் இப்போது கூப்பிட்டுவிட வேண்டியதுதான் என்று ஏசுதாஸ் நினைத்தார்.  குரலைத் தாழ்த்தினார்.

"அத சொல்லிட்டுத்தாம்மா உன்னக் கேட்டான். ஃப்ளோரன்ஸ் கோவம் போயிடிச்சாப்பான்னு, அழுதுகினே..."

"மாமா."

அவர் நிறுத்தினார்.

"அலைய நீங்க எத்தினி வாட்டி சொன்னாலும் மூணு டாங்குதான். டீக்கடையில சொன்னப்பவும் மூணுதானாம், என்கிட்ட சொன்னப்பவும் மூணு. உங்களால ஒரு டாங்க் ஏத்தாம இருக்க முடியுங்களா? ஆனா ஏத்தல." அவள் பவுடர்க் கோடு கலைந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் மட்டும்தான் ஒவ்வொரு வாட்டியும் வளந்துகினே போறேன். மொதல்ல கேட்டாரு. அப்பறம் ரெண்டு வாட்டி கேட்டாரு. அப்பறம் கப்பலு. அப்பறம் கொரலு கம்மிச்சி. இப்ப அழுவறாரு. அவரு அழுது நீங்க பாத்துகீறீங்களா மாமா? எங்கம்மா செத்தப்பகூடப் பந்தல்ல நாற்காலி போட்டுகினு இருந்தாரே, அவரு."

  ஏசுதாஸின் கட்டியிருந்த கை கழியைத் தேடிப் பெஞ்சுக்குக் கீழே துழாவியது.

"எம் மேல கோவமாம்மா?"

"உங்க மேலயா? இல்லீங்க." பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே, "அன்னிக்கு அந்த மிக்சிய ஆஃப் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் போகவில்லை. அவரும் அதை எடுத்து முடித்துவைக்கவில்லை. முடித்துவைக்க அவரிடம் நூறு வார்த்தைகள் இருந்தன. ஒன்றும் நிறத்துக்குச் சேரவில்லை.

அவள் எழுந்து வந்து, அவர் கையில் கட்டியிருந்த நூலை அவிழ்த்தாள். தருமன் போட்ட முடிச்சு. நகத்தால் நிமிண்டி நிமிண்டித்தான் அவிழ்க்க முடிந்தது. அவிழ்த்த பிறகு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அலைய மட்டும் சொல்லுங்க மாமா. அவரு எப்பிடி சொன்னாரோ அப்பிடி. என்ன வுட்டுடுங்க."

"வுட்டுட்டா ரொம்ப சின்னதாயிடும்மா."

"பரவால்ல."

கட்டவிழ்த்த கையை அவர் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எங்கே தொடங்குவது என்று பார்த்தார். காக்கா கதைக்கு முன்னால் ஒரு மழை வரும், எலிக் கதைக்கு முன்னால் ஒரு கல்யாணம் வரும், இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. போன் அடித்தது, எடுத்தார், அவ்வளவுதான்.

"அப்பா, கேக்குதான்னான். கேக்குதுடான்னேன். கடல் மேல கோடு கோடா வருதுப்பான்னான். காத்தே இல்லப்பா, ஆனா ஒரு பட்டை கொதிக்குது, அடுத்த பட்டை கண்ணாடி, கண்ணுக்கெட்ற தூரம் வரைக்கும்னான். உள்ள அலை போவுதுப்பா, நம்ம தண்ணி டாங்க் மூணு உசரம், மெஷின்ல தெரியுது, மேல கப்பல் ஒரு சாண்கூட ஏறலன்னான். நீ தொட்டியக் கலக்காம வுட்டா நிக்குமே, அந்த மாதிரின்னான். ரொம்ப அழகா கீதுன்னான். சாப்ட்டியாடான்னு கேட்டேன். அதுக்கு பதில் சொல்லல. இருப்பா, இன்னொண்ணு வருதுன்னான்."

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா. கட்டாயிடிச்சி."

வெளியே தருமன் டம்ளரைக் கழுவிக் கழுவி, இன்னும் கழுவிக்கொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். பவுடர் கலைந்து ஓரமாக ஒதுங்கியிருந்தது. மேலே தண்ணீரில் அசைவே இல்லை. அடியில் மட்டும் சிவப்பு, யாரும் கலக்காததால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.